குருணை என்னும் மூன்றடி மந்திரக்காரி

பொள்ளாச்சிப் பக்கத்தில் வளர்ந்த எனக்குப் பகடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது திண்ணையில் கட்டம் கிழித்து ஆடும் தாயம்தான். அதில் ஒன்று விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால் அந்த ஒன்றுக்காகவே தவம் கிடப்போம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலோ, இருபது முகப் பகடையில் ஒன்று விழுவதைப் போன்ற பொல்லாப்பு வேறில்லை. விடுமுறையில் நண்பர்களோடு வீட்டில் ஆடியபோது எனக்கு ஒன்று விழ, எட்டிப் பார்த்த அம்மாயி, "தாயம் உழுந்திருச்சு கண்ணு, காயை எறக்கு" என்றார். "இதுல ஒண்ணு உழுந்தா கெட்டதுங்க அம்மாயி" என்று சொல்லிவிட்டு, பகடையை மறுபடி உருட்டினேன்.

அப்படி மறுபடி உருட்டும் உரிமை என் பாத்திரமான குருணை, ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவள் என்பதால் கிடைத்தது. உயரம் 3 அடி. உடைந்த அரிசியின் பெயரை வைத்ததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, தாக்குதல், திறன் சோதனை, தற்காப்புச் சோதனை ஆகிய மூன்றில் ஒன்று விழுந்தால் ஹாஃப்லிங் மீண்டும் உருட்டலாம். ஆனால், இரண்டாவதாக விழுவதை ஏற்றே தீர வேண்டும். இருபதில் ஒருமுறை நேரக்கூடிய விபத்து இதனால் நானூற்றில் ஒருமுறையாகச் சுருங்கிவிடுகிறது.

கத்தி எறியும் திருடனுக்குத்தான் இந்த அதிர்ஷ்டம் பொருந்தும், மந்திரக்காரிக்கு வீண் என்று நண்பர்கள் வாதிட்டார்கள். அது பாதிதான் சரி. ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை ஏவினால் பகடை உருட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் எதிரிகளே. குருணையின் அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை. ஃபயர் போல்ட் என்ற தீயம்பு மந்திரத்துக்கோ அவளே தாக்குதல் உருட்ட வேண்டும். அடிபட்ட பிறகும் மந்திரத்தின் மீது வைத்த கவனம் கலையாமல் இருக்க அவள் உருட்டும் உடலுறுதிச் சோதனையும் அந்த மூன்றில் அடங்கும். குருணையைப் போன்ற சோர்சரர்களுக்கு, அதாவது பிறவி மந்திரக்காரர்களுக்கு, அந்தச் சோதனையில் பயிற்சி உண்டு. அவர்களது மந்திரத்துக்கு அடிப்படையான வசீகரமும் லைட்ஃபுட் வகை ஹாஃப்லிங்குக்கு ஒரு புள்ளி கூடும். படித்து மந்திரம் கற்கும் விசார்டை விட்டுச் சோர்சரரை நான் தேர்ந்தது இந்தக் கணக்கில்தான். (மனிதப் போர்வீரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பது கொசுறு.)

அவளது மந்திரத்தின் ஊற்றாக, கட்டுக்கடங்காத வைல்ட் மேஜிக்கை எடுத்ததில் மட்டும் கணக்கு ஏதுமில்லை, வெறும் ஆசை. முதல் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட மந்திரத்தை அவள் ஏவியதும் ஆட்டத்தை நடத்துபவர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லலாம். ஒன்று விழுந்தால் நூறு வரை எண்ணிட்ட விளைவுப் பட்டியல் திறக்கும். அந்த உருட்டல் மேற்சொன்ன மூன்றில் எதிலும் சேராது, ஆகவே ஹாஃப்லிங் அதிர்ஷ்டம் அதைத் தொடாது. அம்மாயி சொன்ன தாயம் உண்மையில் இதுதான்.

அன்று மாலையே அது விழுந்தது. பட்டியலில் 41 வந்தது: ஆட்டத்தில் தன் முறை அடுத்து வரும் வரை அவள் தொட்டிச் செடியாக நிற்க வேண்டும். ஆட்டத்தை நடத்திய நண்பர், அது தென்னம்பிள்ளை என்று அறிவித்துவிட்டார். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்ட அம்மாயி, "அப்ப தண்ணி ஊத்தோணுமா?" என்றார்.