காடிஸ்: கோபுரங்கள் ஏறிக் கப்பலைத் தேடிய ஊர்

ஸ்பெயினின் தென்மேற்கில், அட்லாண்டிக்குக்குள் நீண்டிருக்கும் ஒடுங்கிய நிலத்தின் நுனியில் இருக்கிறது காடிஸ். இன்றைய லெபனான் கரையிலிருந்து கடலோடி வந்த பினீசிய வணிகர்கள் அமைத்த துறைமுகம். கிட்டத்தட்ட 3,000 ஆண்டுகளாக மக்கள் வசிக்கும் இடம். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பழைய ஊர்கள் மிகக் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் 18ஆம் நூற்றாண்டுதான். அமெரிக்கக் காலனிகளுடனான வணிகத்தை நிர்வகித்த அலுவலகம் 1717இல் செவில்லிலிருந்து இங்கே மாறியது. அப்புறம் பணம் கொட்டியது. அதில் அடிமை வணிகத்தின் பணமும் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. வணிகர்கள் தங்கள் வீட்டு மாடிமேல் கோபுரம் கட்டி, கப்பல் வருகிறதா என்று பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் டவீரா கோபுரத்தில் ஓர் இருட்டறை இருக்கிறது. கண்ணாடியும் லென்ஸும் கொண்டு நகரத்தின் அந்த நேரத்துக் காட்சியை, காயும் துணி உட்பட, உள்ளே விழவைத்துக் காட்டுகிறார்கள்!

நெப்போலியனின் படை முற்றுகையிட்டிருந்தபோதே இங்கே கூடிய நாடாளுமன்றம் 1812இல் ஓர் அரசியலமைப்பை அறிவித்தது. இறையாண்மை மன்னருக்கு அல்ல, தேசத்துக்கே என்றது அது. 1814இல் மன்னர் ஏழாம் பெர்னாண்டோ அதை ரத்து செய்துவிட்டார்.

1980இல் தோண்டியபோது ரோமானிய அரங்கம் ஒன்று கிடைத்தது. அதே ஆண்டு பினீசியக் கல் சவப்பெட்டி ஒன்றும் கிடைத்தது, பெண் உருவம் செதுக்கியது. 1887இல் கிடைத்த ஆண் உருவப் பெட்டியுடன் அது இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் கடற்கரைக்கு முன் அங்கே போங்கள்.