அந்த நூல் என்ன நிறம்?

இலக்கியமும் எழுத்தும் சேர்ந்த பாடம் நேற்றோடு முடிந்தது. கடைசிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பருவம் முழுக்க என்ன நடந்தது என்று யோசிக்கவே நேரம் கிடைத்தது. மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நன்றாக எழுதுவேன் என்ற நம்பிக்கையோடுதான் சேர்ந்தேன். பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் என் பெயரைத்தான் கொடுப்பார்கள். அதனால் முதல் கட்டுரையை "இலக்கியம் என்பது காலத்தின் கண்ணாடி" என்று ஆரம்பித்து மூன்று பக்கம் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: "இது நீங்கள் கண்டதா, கேட்டதா?" வேறு ஒரு திருத்தமும் இல்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, எங்கேயோ கேட்டதையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்று பக்கத்தில் மிஞ்சியது நாலு வரி. அந்த நாலு வரியும் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் என்னுடையவை.

கோட்பாடுகளுக்கென்று சில வாரங்கள் போயின. குறிப்பெடுத்தேன், தேர்வில் எழுதினேன், அதற்கு மேல் எனக்குள் இறங்கவில்லை. இறங்கியது ஒரு சின்னப் பாட்டு. குறுந்தொகையில் 25ஆவது பாட்டு, கபிலர் பாடியது. மொத்தமே ஐந்து வரி. அதை ஒரு வாரம் முழுக்கப் படிக்க வேண்டும் என்றதும் ஐந்து வரியில் ஒரு வாரத்துக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒருத்தி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அவன் சொன்ன வார்த்தை பொய்யாகிப் போனால் நான் என்ன செய்வேன்? இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரு பறவையும் இருந்தது என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நின்ற குருகு. அதன் கால்கள் தினைத் தாள் மாதிரி மெலிசாக, பசுமையாக இருந்தன. அவ்வளவுதான் பாட்டு.

முதல் நாள் படித்தபோது அந்தக் கால் எதற்கு என்று புரியவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ சட்டென்று உறைத்தது. இருந்த ஒரே சாட்சி அந்தக் குருகு, அதுவும் மீனில்தான் கண்ணாக இருந்திருக்கிறது, இவளைப் பார்க்கவே இல்லை. ஆனால் இவள் அதைப் பார்த்திருக்கிறாள், காலின் நிறம் வரைக்கும். அந்த நாளை அவள் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தால் காலின் நிறம் வரை தங்கியிருக்கும்! பயம் என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை. "குருகும் உண்டு" என்பதில் வருகிற அந்த ஒரு "உம்" போதும், அது எனக்குத் தொண்டையை அடைத்தது. அது வரை உம்மையை நான் இலக்கணப் பாடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த வாரமே எழுத்துப் பயிற்சி. தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும், அன்பு, பாசம், சோகம் மாதிரி ஒரு சொல்கூட வரக்கூடாது. நான் தாத்தாவை எடுத்துக்கொண்டேன். முதல் பிரதியில் அவருடைய நல்ல குணங்களை வரிசையாக அடுக்கினேன். படித்துப் பார்த்தால் யாருடைய தாத்தாவாகவும் இருக்கலாம் போல இருந்தது. இரண்டாவது பிரதியில் அவருடைய மூக்குக்கண்ணாடி வந்தது. ஒரு பக்கக் கம்பி உடைந்து, அதற்குப் பதிலாக நூல் கட்டி, அந்த நூலைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அவர் நாளிதழ் படிப்பார்.

அதை வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது, ஒவ்வொருவர் சொல்வதற்கும் பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. கடைசியாக, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் கேட்டாள்: "அந்த நூல் என்ன நிறம்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்." அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பத்து வருஷம் பார்த்த நூல், எனக்கு நிறம் தெரியவில்லை. அந்தக் குருகின் கால் ஞாபகம் வந்து மனசு கஷ்டப்பட்டது.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "வெள்ளை நூல்தான்டா. காதுப் பக்கம் வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்துப் போச்சு. மாத்திக் கட்டுறேன், கொடுங்கப்பான்னா கழட்டியே தர மாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இப்ப எதுக்குடா அதெல்லாம் கேக்கிற?" என்றார். பாடத்துக்காக என்று சொன்னேன், ஆனால் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தாத்தாவைப் பற்றியேதான் பேசினோம், அவர் போனதிலிருந்து அப்படிப் பேசியதே இல்லை.

அந்தப் பக்கத்தை மொத்தம் ஆறு முறை திருப்பி எழுதினேன். எழுதுவது என்றால் சொல் தேடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆறு முறையும் நான் தேடியது அவரை. சொல் பின்னாலேயே வந்தது, சில இடங்களில் வரவே இல்லை, அங்கே வரியை எடுத்துவிட்டேன். எடுத்த இடம்தான் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது, போட்டியில் பரிசு வாங்கியபோதெல்லாம் வராத சந்தோஷம் வந்தது.

நேற்று கொடுத்த பிரதியில் அந்த வரி இப்படி இருக்கிறது: "வெள்ளை நூல், வலது காதுப் பக்கம் மட்டும் கறுப்பு." கொடுத்த கையோடு அம்மாவுக்கும் அனுப்பினேன். காலையில் பதில் வந்திருக்கிறது: "படிச்சேன்டா. உடைஞ்சது இடது பக்கம்." கட்டுரை கைவிட்டுப் போய்விட்டது. என் நோட்டில் இருக்கிற பிரதியில் மட்டும் "வலது" என்பதை அடித்து, மேலே "இடது" என்று எழுதினேன்.