சார்லி என்ற கறுவல்

2020 டிசம்பரில் அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) இசைப் பாடகர் சார்லி பிரைட் இறந்த செய்தியை ஹொஸ்ரல் பெடியளின் வட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டான். உடனே எனக்கு அனுதாபங்கள் குவிந்தன. காரணம் எங்கள் வகுப்புக்குத் தெரியும். இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

வெள்ளி இரவு ஸ்ரடி முடிந்ததும் ஆங்கில மாஸ்ரர் றெக்கோட் போடுவார். பாணுக்கே வரிசையில் நின்ற காலம். தட்டுகள் எல்லாம் கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் கொண்டுவந்தவை. பாடுகிறவர் எப்படி இருப்பார் என்று ஒருநாள் கேட்டார். "வெள்ளைக்காரன் சேர், பெரிய தொப்பி" என்றோம். உறையைத் திருப்பிக் காட்டினார். உறையை ஒருவனும் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஓமடா, எங்கடை கறுவலைப் போலத்தான்" என்று மாஸ்ரரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நான் சார்லி.

அவர் சிரித்தது பல வருடம் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த வெள்ளி அந்த மனிதரின் கதை முழுவதையும் சொன்னவரும் அவர்தான். மிசிசிப்பியில் பருத்தி பொறுக்கிய பிள்ளை, பேஸ்போல் ஆட்டக்காரன், மொன்டானாவில் உலோக உருக்காலைத் தொழிலாளி. 1966இல் முதல் தட்டு வெளிவந்தபோது ஆர்சிஏ இசைத்தட்டுக் கொம்பனி வானொலி நிலையங்களுக்குப் படம் அனுப்பவில்லை. முகம் தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். 1971இல் நாட்டுப்புற இசைச் சங்கம் அவரையே ஆண்டின் முதன்மைக் கலைஞராக்கியது. மாஸ்ரர் இதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் மேடையேறி விருது வாங்கியது தான்தான் என்பதுபோல் இருக்கும்.

மிச்சத்தை ரொறன்ரோவில்தான் அறிந்தேன். ஆரம்ப காலத்தில் டிற்றோயிற் மேடையில் பிரைட்டைக் கண்டதும் கைதட்டல் அடங்கிப்போயிற்றாம். வெயிலில் கறுத்த நிறம் எனக்கு நிரந்தரமாகிவிட்டது என்று அவரே பகிடி விட, சனம் சிரித்து இளகியது. முந்திக்கொண்டு சிரிக்கவேண்டும், சரி. எழுபதுகள் முழுக்க அப்படித்தான் சிரிக்கவேண்டியிருந்ததோ தெரியாது. 1976இல், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் மோதிக்கொண்டிருந்த வட அயர்லாந்தில், பிற பாடகர்கள் போகப் பயந்த பெல்ஃபாஸ்ற்றில் போய்ப் பாடினார். இரண்டு பகுதியாரும் ஒரே மண்டபத்தில் இருந்து கேட்டார்கள்.

இங்கே எனக்குச் சோறு போட்ட ஆங்கிலம் அந்தத் தட்டுகளில் கேட்டதுதான். அந்த இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போனாயா என்று மாஸ்ரர் கடிதத்தில் கேட்டார். ஓவர்டைம் விட மனம் வரவில்லை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் மாஸ்ரர் றெக்கோட் போடும் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தட்டுகளை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். போட்டுக் கேட்க வழியில்லாத தட்டுகளை ஏன் சேர் சுமந்தீர்கள் என்று கேட்க நான் அங்கே இருக்கவில்லை.