வீட்டில் கைபேசி இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்தில் பெற்றோரிடம் "வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டால், பெரும்பாலோர் இருக்கிறது என்றே சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பகலில் அது யாரிடம் இருக்கிறது, சிம் யார் பெயரில் வாங்கியது என்று அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான், கைபேசி வழியாகக் கல்வி எந்த வாசல்வரை வந்து நிற்கிறது என்பது புரியும். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்விகள் அன்றாடம் எதிர்ப்படுகின்றன.

கைபேசியால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2018-19 கல்வியாண்டில் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. தீக்ஷா செயலியில் அவற்றை ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். இதயத்தின் நான்கு அறைகளை நான் சாக்பீஸால் எத்தனை முறை வரைந்தாலும், இரத்தம் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதில் குழப்பம் தீராது. வால்வுகள் திறந்து மூடுவதை அசையும் படமாகப் பார்த்த ஒரு மாணவி, மறுநாள் தானாகவே பலகைக்கு வந்து, மூவிதழ் வால்வு வலப்பக்கம், ஈரிதழ் வால்வு இடப்பக்கம் என்று அம்புக்குறி போட்டு மற்றவர்களுக்கு விளக்கினாள். மேற்படிப்பிலும் மாற்றம் பெரிது. பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறும்வரை, அஞ்செட்டியிலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு மாணவன் பெற்றோருடன் சென்னைக்குப் போய்த்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பேரின் கூலியும் பேருந்துச் செலவும் இன்று மிச்சமாகின்றன.

இனி மறுபக்கம். எங்கள் பகுதியில் பல வீடுகளில் தந்தை பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருப்பார். ஸ்மார்ட்போனும் அவருடன் போய்விடும். தாயிடம் இருப்பது பட்டன் போன். பண்டிகைக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அவர் வரும் நாட்களில்தான் பிள்ளைக்குக் காணொளி வாய்க்கும். 2020இல் பள்ளிகள் மூடியபோது, தொலைக்காட்சி இருந்த வீடுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களோ பல மாணவர்களைச் சென்றடையவே இல்லை.

பாடத்தையாவது நேரில் நடத்திவிடலாம். விண்ணப்பத்தை அப்படிச் செய்ய முடியாது. வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போன மாணவி ஒருத்தி, ஓடிபி வராமல் பகல் முழுவதும் காத்திருந்ததை நான் பார்த்தேன். பதிவு செய்த எண் தந்தையுடையது. அவர் பெங்களூருவில் சாரத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தார். மேஸ்திரி அருகில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது. அவர் திரும்ப அழைத்து எண்ணைச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது; மையத்தையும் மூடிவிட்டார்கள். உதவித்தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் கடைசி நாள் குறித்திருக்கும் காலத்தில், ஒரு நாள் தவறுவதை அற்பமாக எண்ண முடியாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பாலிடெக்னிக் படிக்கும் அண்ணனுக்குத் தவணையில் போன் வாங்கித் தரும் குடும்பம், பிளஸ் டூ படிக்கும் தங்கை அதைத் தொட்டாலே "யாரிடம் பேசுகிறாய்?" என்று கேட்கிறது. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டம் இது. போன் வைத்திருக்கிறாள் என்ற சந்தேகமே அவள் படிப்பை நிறுத்தி, மாப்பிள்ளை பார்ப்பதற்குக் காரணமாகிவிடக்கூடும். இதனாலேயே எனக்குத் தெரிந்த சில கெட்டிக்காரப் பெண்கள் போன் வேண்டும் என்று வீட்டில் வாய் திறப்பதே இல்லை. பெற்றோரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பணம் பறிப்பதும் படங்களை வைத்து மிரட்டுவதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆயினும் அந்த அச்சத்துக்கான விலையை மகள் மட்டுமே கொடுப்பது நியாயமாகாது.

ஆகவே வீட்டுக்கு ஒரு கைபேசி என்று கணக்கெடுப்பதோடு நிறுத்தக் கூடாது. கணினிகள் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், கடைசிப் பேருந்து புறப்படும்வரையாவது ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் அதைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டில் போன் கிடைக்காத மாணவிகளுக்கு அங்கே முதலிடம் தர வேண்டும். ஓடிபிக்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை, தாயின் பட்டன் போனே போதும். அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிப் பதிவிலும் சான்றிதழ் விண்ணப்பங்களிலும் ஊரில் இருக்கும் தாயின் எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டையும் முன்வைக்கப் போகிறேன். வேறு ஊர்ப் பள்ளிகளில் இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால், எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்பதை எனக்குத் தெரிவியுங்கள்.