நெல் கொள்முதல் கணக்கும் ஒரு எம்சிபி சர்வரும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சிலருக்காக, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் யார் எத்தனை மூட்டை போட்டார்கள், ஈரப்பதம் எவ்வளவு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்பவற்றைப் பதிந்துவைக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். தாளடி அறுவடை முடிந்ததும் அதைத் திருத்துவதற்கு, நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கிளாட் கோடைத் துணைக்கு அழைத்தேன். டெர்மினல் வழியாக அதுவே தரவுத்தளத்தைத் திறந்துவிடும் என்றாலும், படிக்கும் உரிமையோடு எழுதும் உரிமையும் அதன் கைக்குப் போய்விடும் என்பதால், ஊராரின் கணக்கை அப்படித் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (எம்சிபி) என்பது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வெளித் தரவுகளோடு இணைப்பதற்கான பொது நெறிமுறை. அதன்படி ஒரு சிறிய சர்வரை நானே எழுதினேன். கணக்கு இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பை 'மோட்=ஆர்ஓ' (படிக்க மட்டும்) என்ற குறிப்போடு திறந்ததால், அதில் எதையும் மாற்ற இயலாது. எழுதியது அரை மணி நேரம். இணைத்தது இரண்டு இரவுகள்.

முதல் இரவு கோப்புப் பாதையைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. சர்வரை ஓட்டும் கட்டளையாக வெறும் 'பைத்தான்' என்று கொடுத்தபோது, தேவையான நூலகங்கள் இல்லாத வேறொரு பைத்தான் ஓடியது. இந்த நிரலுக்கென்று தனியாக அமைத்த மெய்நிகர்ச் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்த பிறகு, விண்டோஸ் பாதையின் பின்சாய்கோடுகளை அமைப்புகளைக் குறிக்கும் ஜேசன் கோப்பில் இரட்டிக்க மறந்திருந்தேன்.

இரண்டாம் இரவின் சிக்கல்தான் விசித்திரமானது. டெர்மினலில் நானே ஓட்டினால் ஒழுங்காகத் தொடங்கும் சர்வர், கிளாட் கோடு அழைத்தால் உடனே விழுந்தது. 'சர்வர் தொடங்கியது' என்று ஆசையாகத் தமிழில் போட்டிருந்த பிரின்ட் வரியே காரணம். டெர்மினலில் யூனிகோடு தடையின்றி வரும். வெளியீடு இன்னொரு நிரலுக்குக் குழாய் (பைப்) வழியாகப் போகும்போது விண்டோஸின் பழைய குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாததால் நிரல் பிழையோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் போட்டிருந்தாலும் அது தவறுதான், ஏனெனில் இவ்வகை இணைப்பில் நிரலின் வழக்கமான வெளியீடான ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்பது, இரு நிரல்களும் பேசிக்கொள்ளும் ஜேசன்-ஆர்பிசி செய்திகளுக்கு மட்டுமே உரிய வாய்க்கால். நம் குறிப்புகளெல்லாம் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் போக வேண்டும். அந்த வரியை அங்கே மாற்றியதும் இணைப்பு கிடைத்தது.

இணைந்ததும் அட்டவணைகளின் அமைப்பைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். ஈரப்பத நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைத்திருக்கிறேன் என்பதை அது முதலிலேயே சுட்டியது. எழுத்தாக ஒப்பிட்டால் 17.0 என்பது வரம்பான 17-ஐவிடப் பெரியதாகிவிடும். வரம்புக்குள் சரியாக நின்ற மூட்டைகளையும் என் நிரல் இத்தனை நாளாகச் சிவப்பில் காட்டி, சித்தப்பாவிடம் நான் திட்டு வாங்கியது அதனால்தான்.