பட்டியில் நீலநாக்கு: மழைக்கால நாட்குறிப்பு

செப்டம்பர் 14

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தண்ணீர்த் தொட்டி வழிந்து, அதனடியில் சாணமும் சேறும் குழைந்து கிடந்தன. ஆடுமாடுகளைத் தாக்கும் நீலநாக்கு என்ற வைரஸ் நோயைப் பரப்பும் கியூலிகாய்ட்ஸ் பூச்சி பெருகுவது இத்தகைய ஈரத்தில்தான். 3 மில்லிமீட்டர்கூட இராது; சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் எளிதாக நுழைந்துவிடும். கசிவை அடைத்துச் சேற்றை வழித்தெடுத்தோம். பெரும்பாலும் அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும் என்பதால், இனி பொழுது சாயுமுன் ஆடுகளைக் கொட்டகையில் அடைக்க வேண்டும்.

செப்டம்பர் 19

ஒரு செம்மறிப் பெட்டை தீவனத்தைத் தொடவில்லை. காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸ். உதடும் தாடையும் வீங்கி, எச்சில் நூலாக வழிந்தது. ஈறில் புண்கள். நாக்கு நீலமாகவில்லை, எல்லா ஆட்டுக்கும் ஆகாது. பெயரை நம்பி நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஆடு கைவிட்டுப் போய்விடும். காலைத் தூக்கிப் பார்த்தேன்: குளம்பும் தோலும் சேரும் இடத்தில் சிவந்த கோடு. உடனே கால்நடை மருத்துவரை அழைத்தேன். வாய்ப்புண் கோமாரி, ஆட்டுக்கொல்லி என்ற வேறு நோய்களிலும் வரும் என்பதால், எது என்று உறுதிசெய்ய ரத்தம் எடுத்துச் சென்றார்.

செப்டம்பர் 20

இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. பராமரிப்புதான் உயிர் காக்கிறது. வெயில் படாத இடம், காலுக்கடியில் மெத்தென்ற வைக்கோல், வாய்ப்புண் உறுத்தாத கஞ்சி. புண்ணில் வேறு கிருமி சேராமலிருக்க மருத்துவர் ஆன்டிபயாடிக் போட்டார். ஒவ்வோர் ஆட்டுக்கும் புது ஊசி. ரத்தம் பட்ட ஊசியாலும் நோய் கடத்தப்படலாம். மாலையில் அந்தப் பெட்டை கஞ்சியை நக்கினாள். அவ்வளவு நிம்மதி!

செப்டம்பர் 25

பரிசோதனை நீலநாக்கை உறுதிசெய்துவிட்டது. பக்கத்துப் பட்டிக்காரர் தம் ஆட்டுக்கும் ஒட்டிவிடுமோ என்று பயந்தார். இது ஒட்டுவாரொட்டி அல்ல, மனிதருக்கும் வராது. ஆனால் அவருடைய மாடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாடு பெரும்பாலும் நோய்க்குறி காட்டாது. ரத்தத்தில் மட்டும் வாரக்கணக்கில் வைரஸைச் சுமந்திருக்கும். அதைக் கடித்த பூச்சி, சில நாள் கழித்து ஆட்டைக் கடித்தால் போதும். மாடுகளுக்கும் பூச்சிவிரட்டி தெளிக்கச் சம்மதித்தார்.

விலைக்குக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். மருத்துவர் சொல்லும்வரை எந்த ஆடும் பட்டியை விட்டு வெளியேறாது.

அக்டோபர் 3

தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் விரிவாகப் பேசினேன். இந்த வைரஸில் 24க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கான தடுப்பூசி மற்ற வகைகளைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே எந்த வகை சுற்றுகிறது என்று ஆய்வகம் சொல்வது முக்கியம். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி சினை ஆட்டுக்கு ஆகாது, கருவைப் பாதிக்கலாம். அடுத்த முறை பூச்சிக் காலம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். எந்தெந்தப் பெட்டைகள் சினை என்று இன்றே பதிவேட்டில் குறிக்கத் தொடங்கினேன்.