மண்ணிலுள்ள கரிமக் கணக்கு: நாட்குறிப்பு

பிப்ரவரி 4

உழவு தொடங்குமுன் மாதிரி எடுத்தாயிற்று. வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு வயலில் வளைந்து வளைந்து நடந்து, மேலே கிடந்த தாளையும் சருகையும் விலக்கி, 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்தோம். உலோக வளையத்தை இறக்கிக் கலையாத மண்ணும் தனியாக எடுத்திருக்கிறோம். பலரும் விட்டுவிடும் வேலை இது, ஆனால் பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) தெரியாவிட்டால், கரிமச் சதவீதத்தை, அதாவது மட்கிலும் தாவர எச்சங்களிலும் உள்ள கார்பனின் சதவீதத்தை, எக்டேருக்கு இத்தனை டன் என்று மாற்ற வழியே இல்லை.

பிப்ரவரி 8

நிழலில் உலர்ந்த மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, இடுக்கியால் வேர்த் துணுக்குகளைப் பொறுக்கினேன். சோதனைக்கு எடுப்பது ஒரு கிராமோ அரை கிராமோதான் என்பதால், அதில் ஒரு மெல்லிய வேர் சிக்கினாலும் முடிவு ஏறிவிடும்.

பிப்ரவரி 11

வாக்லி, பிளாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1934-இல் வெளியிட்ட முறைப்படி இன்று சோதனை செய்தேன். மண்ணோடு பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தை ஊற்றியதும் குடுவை கைபொறுக்க முடியாதபடி சுட்டது. அந்தச் சூட்டில்தான் டைகுரோமேட் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அரை மணி நேரத்துக்குப் பின், எஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்க்கும்போது (எவ்வளவு எஞ்சியது என்று அளக்கும்போது), நிறங்காட்டியின் கருநீலம் ஒரே சொட்டில் பளிச்சென்ற பச்சையாக மாறியது. வெளிச்சூடு இல்லாததால் இம்முறையில் சராசரியாக 77 சதவீதக் கரிமமே சிக்கும், மீதியை 1.3 என்ற காரணியால் ஈடுகட்டுகிறோம். எல்லா மண்ணுக்கும் ஒரே காரணி பொருந்தும் என்பதை நான் அரைமனதோடுதான் ஏற்கிறேன். மண்ணை எரித்து வெளிவரும் கார்பனை அளக்கும் உலர் எரிப்புக் கருவியில் இந்த ஐயம் எழாது என்றாலும், சுண்ணாம்பு மண்ணில் கார்பனேட்டின் கார்பனும் சேர்ந்து வெளிவரும் என்பதால், முன்பே அமிலமிட்டு அதை நீக்கியாக வேண்டும்.

பிப்ரவரி 15

கரிமச் சதவீதம், பரும அடர்த்தி, செ.மீ. ஆழம் மூன்றையும் பெருக்கினால் எக்டேருக்கு எத்தனை டன் என்பது கிடைக்கும். கல் கலந்த நிலமானால் கல்லின் பங்கைக் கழிக்க வேண்டும். 0.9 சதவீதமும் 1.4 அடர்த்தியும் உள்ள மண்ணில் 15 செ.மீ.க்கு 18.9 டன் வருகிறது. அதே மண் உழவில் இளகி அடர்த்தி 1.2 ஆனால், அதே ஆழத்தில் 16.2 டன்தான் வரும். கரிமம் எங்கும் போகவில்லை, மண் பொங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆழத்தை விட்டுவிட்டுச் சம எடை மண்ணை ஒப்பிட்டால், அதாவது இளகிய மண்ணில் 17.5 செ.மீ. வரை எடுத்தால், அதே 18.9 டன் வந்துவிடுகிறது. உழாத நிலத்தில் கரிமம் கூடியதாகச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கையில், அடர்த்தியை அளந்தார்களா என்றே முதலில் தேடுகிறேன்.

பிப்ரவரி 19

மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும் கரிமத்தின் தன்மை வேறுபடலாம். 53 மைக்ரான் சல்லடையில் தங்கும் துகள்கள் பெரும்பாலும் பாதி மட்கிய தாவரப் பகுதிகள். எருவிடும் பழக்கம் மாறினால் முதலில் மாறுவது அவைதாம். அதைவிட நுண்ணிய களிமண்ணோடு ஒட்டிய கரிமம் பல்லாண்டுகள் தங்கக்கூடியது. மொத்த இருப்போ, வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் காணும் வேறுபாட்டில் அமுங்கிவிடும் அளவுக்கு மெல்லவே நகர்கிறது. ஆகவே அடுத்த மாதிரியை, குறித்துவைத்த அதே இடங்களில், இதே பருவத்தில், ஆனால் 30 செ.மீ. ஆழம் வரை, ஐந்தாண்டு கழித்து எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.